வாரன்டில ரீபில்ட் இன்ஜின் தான் தருவோம்னு சொல்றாங்க, வாங்கலாமா சண்டை போடலாமா?

காசிமேடு ரெண்டு சீட்டர்:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா சத்தம் போடாம படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், இப்ப தலைக்கு மேல போயிடுச்சு அதான் எழுதறேன், நீளமா போகும் கொஞ்சம் பொறுத்துக்கங்க.

வண்டி ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார், ரெண்டே சீட்டு, சீட்டுக்கு பின்னாடி ஆறு சிலிண்டர் இன்ஜின். கம்பெனி பேரு வேணாம், இன்னும் பேச்சு ஓடிட்டு இருக்கு. 2024 பிப்ரவரில கம்பெனி ஷோரூம்காரங்களோட பழைய வண்டி பிரிவுலயே வாங்கினது, 46 லட்சம், பேங்க் லோன் பாதி, கம்பெனி வாரன்டி ரெண்டு வருஷம். வாங்கும்போது 27 ஆயிரம் கிலோமீட்டர், இப்ப 34 ஆயிரம் சொச்சம். ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு எண்ணூர் ரோட்ல கன்டெய்னர் லாரி நெரிசல் ஆரம்பிக்கறதுக்குள்ள எடுத்துட்டு மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு, அதோட சரி. ரேஸ் டிராக் பக்கமே போனதில்ல.

மார்ச்ல இருந்தே காலைல ஸ்டார்ட் பண்ணா டைலர் மிஷின் மாதிரி டிக் டிக்னு ஒரு சத்தம், சூடானதும் போயிடும். அப்புறம் ஆயில் குடிக்க ஆரம்பிச்சது, 1000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஊத்தறேன். ரெண்டு சைலன்சர் டிப்புல ஒண்ணு மட்டும் கரி அப்பி கெடக்கும். ஜூலைல ஆயில் பிரஷர் வார்னிங் வந்துச்சு, அங்கயே ஆஃப் பண்ணிட்டு டோ பண்ணி அனுப்பிட்டேன்.

சர்வீஸ் சென்டர்ல மொத வாரம் என்ன சொன்னாங்க தெரியுமா, "சார் உங்க அட்ரஸ் காசிமேடு, அது தண்ணி நிக்கற ஏரியா, இன்ஜின்ல தண்ணி போயிருக்கும், அது வாரன்டில வராது"ன்னு. வண்டிய தொறந்து கூட பாக்கல, ஆர்.சி. அட்ரஸ பாத்தே முடிவு பண்ணிட்டாங்க. நான் கேட்டேன், இங்க கடைசியா பெரிய தண்ணி வந்தது 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல, அப்ப வண்டி உங்க யார்டுல தானய்யா நின்னுச்சு, நான் வாங்கினதே அதுக்கப்புறம் தானேன்னு. பதில் இல்ல. 2024 அக்டோபர் மழைக்கு ஊரே மேம்பாலத்துல கார நிறுத்துச்சே, நானும் நிறுத்திட்டு ராத்திரி பூரா வண்டிக்குள்ளயே தூங்கினவன், என்ட வந்து தண்ணி போச்சுன்றாங்க.

அப்புறம் கேமரா விட்டு பாத்தாங்க. போர் ஸ்கோரிங்காம், ரெண்டு சிலிண்டர்ல செவுத்துல செங்குத்தா கோடு கோடா கீறல், ஆயில் ஃபில்டர்ல மினுமினுன்னு உலோகத்தூள். அஞ்சு வாரம் கழிச்சு கம்பெனில இருந்து ஓகே ஆச்சு. ஆனா புது இன்ஜின் இல்ல, ஃபேக்டரில ரீபில்ட் பண்ண இன்ஜின் வருமாம், 10 ல இருந்து 14 வாரம் ஆகுமாம். என் பழைய இன்ஜின அவங்க எடுத்துக்குவாங்களாம். ஆயில், கூலன்ட், கேஸ்கெட், மவுண்ட் அது இதுன்னு 1,80,000 நான் கட்டணுமாம். அதுக்கும் மேல ஒரு பேப்பர்ல கையெழுத்து கேக்கறாங்க, "இதோட என் கோரிக்கை முழுசா தீர்ந்தது, இனி எந்த கோரிக்கையும் இல்லை"ன்னு.

46 லட்சம் குடுத்துட்டு கட்டின இன்ஜினானு எனக்கு வயிறு எரியுது. எங்கப்பா கேட்டுட்டு சிரிக்கறார். எங்களுக்கு ரெண்டு விசைப்படகு இருக்கு, வருஷா வருஷம் தடைக்காலம் 61 நாள்ல, ஏப்ரல் 15 ல இருந்து ஜூன் 14 வரைக்கும், போட்ட கரை ஏத்தி இன்ஜின் எறக்கி கட்டறது தான் எங்க வேலையே. "லேலண்ட் இன்ஜின நாலு வாட்டி கட்டி கடலுக்கு அனுப்பிருக்கேன், கட்டின இன்ஜின்னா என்னடா கேவலம்"ன்றார். அவர் சொல்றது போட்டுக்கு சரி. இதுக்கு சரியா? விக்கும்போது விலை போகுமா? ஆர்.சி.ல இன்ஜின் நம்பர் என்ன ஆகும்? அந்த பேப்பர்ல கையெழுத்து போடலாமா?


பிளாஸ்டிக் கப்பு:

46 லட்சத்துக்கு ஒரு போட்டே வாங்கிருக்கலாம் தல, மீனாச்சும் கெடச்சிருக்கும்.


வேகத்தடை:

ஒத்துக்காத ப்ரோ. ரீபில்ட்னா யாரோ ஒருத்தன் போட்டு உழட்டின இன்ஜின். முழு காசும் திருப்பி குடு இல்ல வேற வண்டி குடுன்னு கேஸ் போடு. வண்டி ஒரிஜினல் விலை 90 லட்சத்துக்கு மேல இருக்கும்ல, அதனால நேரா நுகர்வோர் ஸ்டேட் கமிஷன்லயே போடலாம், பயந்துடுவாங்க. நான் ஒரு பைக் கேஸ்ல இப்படித்தான் மெயில் மேல மெயில் போட்டேன், மூணே நாள்ல போன் வந்துச்சு.


லேத்து தாத்தா:

தம்பி, நான் திருவொற்றியூர். லாரி கம்பெனி இன்ஜின் ஷாப்ல 31 வருஷம், ரிட்டயர் ஆகி வீட்ல பேரன் போன்ல டைப் பண்றேன், தப்பு இருந்தா விடு.

மொதல்ல தண்ணி கதைய முடிச்சிடுவோம், ஏன்னா நாளைக்கு மறுபடியும் அதையே தூக்கிட்டு வருவான். இன்ஜின் உள்ள தண்ணி போனா பிஸ்டன் மேல வரும்போது தண்ணி அமுங்காது, காத்து மாதிரி இல்ல அது, அப்ப கனெக்டிங் ராடு வளையும். ராடு வளைஞ்சா பிஸ்டன் மேல வர உயரம் கொறைஞ்சிடும், போர்ல மேல இருக்கற கரிக்கோடு எடம் மாறி கீழ அகலமா தெரியும். ஏர் ஃபில்டர் பெட்டில சேறு காய்ஞ்ச தடம் இருக்கும். உனக்கு செங்குத்தா கீறல், ஃபில்டர்ல தூள், ஒரு பக்க சைலன்சர்ல கரி, காலைல டிக் டிக். இது தண்ணி இல்ல. அந்த கேமரா போட்டோ எல்லாத்தையும் தேதியோட கேட்டு வாங்கி வெச்சுக்க.

இப்ப உங்கப்பா சொன்னது. அவர் சொல்றது பாதி சரி. போட்டு இன்ஜின்ல இரும்பு லைனர் இருக்கும், தேஞ்சா உருவி போட்டுட்டு புது லைனர் புது பிஸ்டன் செட்டு ரிங்கு போட்டா புது இன்ஜின் தான். இந்த மாதிரி ஸ்போர்ட்ஸ் வண்டி இன்ஜின் நெறையதுல தனி லைனரே கெடையாது, பிளாக்கே அலுமினியம் சிலிக்கான் கலவை, போர் செவுத்துல சிலிக்கான் துகள் தலைய நீட்டிட்டு நிக்கும், அது மேல தான் பிஸ்டன் ஓடுது. பிஸ்டன் பாவாடைல ஒரு பூச்சு இருக்கும், அது உரிஞ்சா அலுமினியமும் அலுமினியமும் உரசும், அவ்ளோ தான், கீறிடும். ஸ்டார்ட் பண்ண ஒடனே சூடாகறதுக்குள்ள மிதிக்கறது, இன்ஜெக்டர் ஒழுகி பெட்ரோல் ஆயில கழுவிட்டு போறது, டிராஃபிக்ல மணிக்கணக்கா ஐடில்ல நிக்கறது, இப்படி பல காரணம் இருக்கு. இத லேத்துல குடுத்து சும்மா ரீபோர் பண்ண முடியாது. நம்ம ஊர்ல கைராசிக்கார மெக்கானிக் எத்தனையோ பேர் இருக்கான், ஆனா அந்த செவுத்த திரும்ப அதே மாதிரி உண்டாக்கறதுக்கு தனி மிஷின் தனி பேஸ்ட் வேணும்.

அதனால நீ கேக்க வேண்டிய கேள்வி "புதுசா ரீபில்டா" இல்ல. "யாரு கட்டினது, எங்க கட்டினது, எது எது மாத்தினது". கம்பெனி ஃபேக்டரில கட்டினதுன்னா பிளாக்க அளந்து பாத்து, அளவுல நிக்காதத தூக்கி போட்டுட்டு, பிஸ்டன், ரிங்கு, பேரிங், செயின், சீல் எல்லாம் புதுசு போட்டு, பெஞ்சுல ஓட்டி பாத்து அனுப்புவான். அது நல்ல சரக்கு. அதுவே ஷோரூம்காரன் இங்கயே ஷார்ட் பிளாக் மட்டும் வரவழைச்சு, உன் பழைய ஹெட்ட கழுவி மாட்டறான்னா அது வேற கதை. ஷார்ட் பிளாக்கா லாங் பிளாக்கான்னு எழுத்துல கேளு. லாங் பிளாக்னா ஹெட்டோட வரும்.

இன்னொண்ணு, இத யாரும் சொல்ல மாட்டான், நான் சொல்றேன். உன் பழைய இன்ஜின்ல இருந்து தூள் வந்திருக்கு. அந்த தூள் எங்க போயிருக்கும்? ஆயில் கூலர் உள்ள. கூலர் உள்ள தகடு பல்லு பல்லா இருக்கும், நீ எவ்ளோ பிளஷ் பண்ணாலும் மொத்தமா வராது. புது இன்ஜின் போட்டு பழைய கூலர் மாட்டினா மொத நாளே அந்த தூள் புது பேரிங்ல போய் உக்காரும். எங்க ஷாப்ல கட்டின லாரி இன்ஜின் நாலு மாசத்துல திரும்பி வந்துச்சு, மூணு பேர் மேல மெமோ, கடைசில பாத்தா கூலர மாத்தல. ஆயில் கூலர், ஆயில் லைன், வால்வ் டைமிங் சோலனாய்டு இதெல்லாம் புதுசா போடணும்னு ஜாப் கார்டுல எழுத சொல்லு. ஆயில் எரிச்ச வண்டில கேட்டலிடிக் கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சாரும் கெட்டு போயிருக்கும், அதையும் செக் பண்ண சொல்லு. கேஸ்கெட்டுக்கு காசு கேக்கறான் பாரு, அத விட இது முக்கியம். இன்ஜினே வாரன்டின்னா அத மாட்ட கேஸ்கெட் எப்பிடி உன் கணக்குல வரும்? கேளு.

சோழவரம் ஏர்ஸ்ட்ரிப்ல ரேஸ் நடந்த காலத்துல சைக்கிள்ல போய் பாத்தவன் நான். சனிக்கிழமை புகைஞ்ச இன்ஜின ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல பிரிச்சு கட்டி ஞாயித்துக்கிழமை ஓட்டுவானுங்க. கட்டின இன்ஜின்னா எனக்கு ஒரு மரியாதை உண்டு, கட்டினவன் யாருன்னு தெரிஞ்சா.


காசிமேடு ரெண்டு சீட்டர்:

தாத்தா கும்பிடறேன். ஆயில் கூலர் பத்தி ஜாப் கார்டுல ஒரு வரி கூட இல்ல, இப்ப தான் எடுத்து பாத்தேன். வேகத்தடை ப்ரோ, காசு திருப்பி கேக்கறது எனக்கும் ஆசை தான், நடக்குமா?


மிண்ட் வக்கீல்:

வேகத்தடை சொன்னதுல ஒரு திருத்தம், ஏன்னா இத நம்பி போனா மனு நம்பர் ஆகாமயே திரும்பி வரும். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல எந்த கமிஷன்னு முடிவு பண்றது வண்டியோட மார்க்கெட் விலையோ நீங்க கேக்கற நஷ்ட ஈடோ இல்ல, நீங்க குடுத்த காசு. மொதல்ல மாவட்ட கமிஷனுக்கு ஒரு கோடி வரைக்கும் இருந்துச்சு, 2021 டிசம்பர் கடைசில வந்த விதில அத 50 லட்சமா கொறைச்சாங்க. நீங்க குடுத்தது 46, அதனால மாவட்ட கமிஷன். அதுவும் நல்லதுக்கு தான், வாங்கின ஷோரூம் எங்க இருந்தாலும் நீங்க குடியிருக்கற எடத்துலயே போடலாம், உங்களுக்கு சென்னை வடக்கு, பார்க் டவுன்ல. 20 லட்சத்துக்கு மேல 50 லட்சம் வரைக்கும் ஃபீஸ் 1000 ரூபா. கெடு, பிரச்சனை வந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷம். அதுக்கு முன்னாடி 1915க்கு போன் பண்ணி புகார் நம்பர் வாங்கி வைங்க, சில சமயம் அதுலயே அசைவாங்க.

ஆனா முழு காசு திருப்பி வாங்கறது கஷ்டம்னு நேராவே சொல்லிடறேன். 2006ல ஒரு கார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, வாரன்டி பாகத்த மாத்தி தரதுக்கு தான், அதுக்காக வண்டியவே மாத்தி குடுன்னு சொல்ல முடியாதுன்னு. வண்டியே வேணும்னா அது பிறவிலயே உற்பத்தி கோளாறுன்னு நிபுணர் அறிக்கையோட நிரூபிக்கணும். உங்க வாரன்டி புத்தகத்த எடுத்து பாருங்க, பெரும்பாலும் "பழுது பார்ப்பதா மாற்றுவதா என்பது நிறுவனத்தின் விருப்பம், புதிய அல்லது மறுசீரமைத்த பாகம்"ங்கற மாதிரி ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்தா ரீபில்ட் குடுக்கறது தப்புன்னு வாதாடறது வீண். எங்க புடிக்கணும்னா அந்த கையெழுத்துல.

அந்த பேப்பர்ல அப்படியே கையெழுத்து போடாதீங்க. போட்டா நாளைக்கு அந்த ரீபில்ட் இன்ஜினே ஆறு மாசத்துல போனாலும் அத நீட்டுவாங்க. அவசியம் போட்டே ஆகணும்னு கட்டாயப்படுத்தினா கையெழுத்துக்கு மேல உங்க கைப்பட எழுதுங்க, "என் சட்ட உரிமைகளுக்குப் பாதகமின்றி பெற்றுக்கொள்கிறேன்", அதோட போட்டோ எடுத்து அன்னிக்கே மெயில்ல அவங்களுக்கே அனுப்பிடுங்க.

இன்னொரு முக்கியமான விஷயம், பழைய இன்ஜின் போயிடுச்சுன்னா சாட்சி போச்சு. கமிஷன் பொருள பரிசோதனைக்கு அனுப்பலாம்னு சட்டத்துல இருக்கு, ஆனா பொருளே ஜெர்மனி போயிட்டா எத அனுப்பறது? எறக்கி பிரிக்கும்போது நீங்களோ உங்க ஆளோ கூட இருக்கணும், ஒவ்வொரு சிலிண்டரும் இன்ஜின் நம்பரும் தெரியற மாதிரி வீடியோ எடுக்கணும். பிரிக்கறதுக்கு முன்னாடி மெயில்ல கேளுங்க, வேணாம்னு சொன்னா அந்த பதிலே உங்களுக்கு சாட்சி.

அப்புறம் உங்க வாரன்டி 2026 பிப்ரவரில முடியுது. இன்ஜின் வர நவம்பர் ஆகும். மாத்தின பாகத்துக்கு மீதி இருக்கற வாரன்டி மட்டும் தான்னா உங்களுக்கு மூணு மாசம். அதுக்குள்ள ரன்னிங் இன், அதாவது இன்ஜின மெதுவா ஓட்டி பழக்கறது கூட முடியாது. பேரம் பேசணும்னா அங்க பேசுங்க, வண்டி நின்ன மாசத்த கணக்குல சேக்க சொல்லுங்க.


வேகத்தடை:

சரி வக்கீல் சார், குடுத்த காசு தான் கணக்குன்னு தெரியாது, வாபஸ். ஆனா எரிச்சல் எரிச்சல் தான், 46 லட்சம்.


ஷார்ஜா ரிட்டர்ன்:

நான் 11 வருஷம் ஷார்ஜால கேரேஜ்ல இருந்தேன், இப்ப பெரம்பூர். ரீசேல் பத்தி கேட்டீங்க, அதுக்கு மட்டும் சொல்றேன்.

ஸ்போர்ட்ஸ் கார்ல இன்ஜின் மாத்தறது ஒண்ணும் புதுசு இல்ல. போர்ஷே பழைய பாக்ஸ்டர், 996னு சொல்ற பழைய 911 வண்டில இன்ஜின் உள்ள இருக்கற ஐஎம்எஸ்னு ஒரு தண்டோட பேரிங் போய் இன்ஜினே காலி ஆகும், உலகத்துக்கே தெரிஞ்ச கதை, அமெரிக்கால கேஸ் நடந்து 2013ல செட்டில்மென்ட் ஆச்சு. அந்த வண்டிங்க சிலதுல இன்ஜின் நம்பரோட ஏடின்னு அடிச்சிருக்கும், ஜெர்மன்ல அவுஸ்டவுஷ்னு ஒரு வார்த்தை, மாத்தி குடுக்கற இன்ஜின்னு அர்த்தம், அதாவது ஃபேக்டரில இருந்து வந்தது. அத பாத்தா சில பேர் ஓடுவான், சில பேர் சந்தோஷப்படுவான். பேப்பர் இருந்தா சந்தோஷப்படறவன் ஜாஸ்தி. நானே ரெண்டு வண்டி அப்படி கைமாத்தி விட்டிருக்கேன்.

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 அமெரிக்கால இன்னும் மோசம், ரோட்டரி இன்ஜின் போய் போய் கடைசில கம்பெனியே வாரன்டிய 8 வருஷம் 1 லட்சம் மைலுக்கு நீட்டிச்சு, மாத்தி குடுத்தது எல்லாம் பெரும்பாலும் ரீமேன், அதாவது ஃபேக்டரில ரீபில்ட் பண்ண இன்ஜின் தான். புது இன்ஜின் வேணும்னா 2014 போர்ஷே ஜிடி3 மாதிரி ஆகணும், கனெக்டிங் ராடு ஸ்க்ரூ லூஸாகி வண்டி தீப்பிடிச்சு, ஓட்டாதீங்கன்னு சொல்லிட்டு 785 வண்டிக்கும் இன்ஜினையே மாத்தினாங்க. அப்ப வண்டி மார்க்கெட்டுக்கு வந்து கொஞ்ச நாள் தான், பத்திரிகை பூரா எழுதினான், அதனால நடந்துச்சு. பழைய வண்டி வாங்கின ஒத்த ஆளுக்கு அந்த மரியாதை கெடைக்காது, உண்மைய சொல்றேன்.

ஒண்ணு மட்டும் தயாரா இருங்க, ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர்ல இருந்து ஓவர் ரெவ் டேட்டா எடுப்பாங்க. ரெட் லைன தாண்டி எத்தனை வாட்டி சுத்திச்சு, எந்த மணி நேரத்துலன்னு அதுல பதிவாகி இருக்கும். உங்களுக்கு முன்னாடி ஓட்டினவன் மூணாவது கியர்னு நெனச்சு ஒண்ணாவதுல தள்ளிருந்தா அது உங்க தலைல விழும். ஓகே சொன்ன மெயில்ல அத பத்தி ஏதாச்சும் இருக்கானு பாருங்க. இல்லன்னா நல்லது, நீங்களா போய் கெளப்பாதீங்க.


பேப்பர் வேலை 03:

தண்டையார்பேட்டை ஆர்.டி.ஓ. வாசல்ல தான் நம்ம பொழப்பு, அதனால ஆர்.சி. விஷயம் மட்டும் நான் சொல்றேன் சார்.

ஆர்.சி.ல சேசிஸ் நம்பர் ஒண்ணு, இன்ஜின் நம்பர் ஒண்ணு. வர இன்ஜின்ல வேற நம்பர் இருக்கும். மோட்டார் வாகன சட்டத்துல மாத்தின 14 நாளுக்குள்ள ரிஜிஸ்டர் பண்ண ஆபீஸுக்கு தெரிவிக்கணும்னு இருக்கு. ஷோரூம்காரன் இத சொல்லவே மாட்டான், வண்டிய டெலிவரி குடுத்துட்டு லட்டு குடுத்து போட்டோ எடுத்து அனுப்பிடுவான். உங்களுக்கு லோன் இருக்கு, அதனால பேங்க்ல இருந்து என்ஓசி லெட்டர் வேணும், அதுக்கே ரெண்டு வாரம் இழுப்பான், இப்பவே கேட்டு வைங்க. இன்ஜின் பில்லு வாரன்டின்றதால ஜீரோ ரூபா பில்லா இருக்கும், பரவால்ல, ஆனா அந்த பில்லுல பழைய இன்ஜின் நம்பர், புது இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் மூணும் ஒரே பேப்பர்ல இருக்கணும். இல்லாட்டி ஏதோ திருட்டு இன்ஜின் புதுப்பேட்டைல வாங்கி மாட்டினான்ற மாதிரி பாப்பாங்க. வண்டிய நேர்ல காட்டணும், இன்ஸ்பெக்டர் நம்பர பாப்பார். நடு இன்ஜின் வண்டின்னா நம்பர் எங்க இருக்குன்னு பாக்கறதுக்கு லிப்டு ஏத்தணுமே சார், மாட்டறதுக்கு முன்னாடியே பென்சில் பிரிண்டும் (நம்பர் மேல பேப்பர் வெச்சு பென்சில தேய்ச்சு எடுக்கறது) போட்டோவும் எடுத்து வெச்சுக்கங்க, ஒரு எஸ்யூவிக்கு இது தெரியாம ரெண்டு நாள் அலைஞ்சேன்.

ஆர்.சி. மாறினதும் இன்ஷூரன்ஸ்ல என்டார்ஸ்மென்ட் போடணும், அதாவது பாலிசிலயும் புது நம்பர ஏத்தணும். இத தான் எல்லாரும் மறக்கறாங்க. ஆக்சிடென்ட்டோ திருட்டோ ஆனா சர்வேயர் மொதல்ல ரெண்டு நம்பரையும் தான் ஒத்து பாப்பான்.


மிண்ட் வக்கீல்:

மேல சொன்னதுக்கு ஒரு வரி சேத்துக்கறேன், விக்கும்போதும் அந்த பேப்பர் தான் பேசும். நம்பர் ஒத்து போகாத வண்டிய எவனும் பேரு மாத்திக்க மாட்டான்.


காசிமேடு ரெண்டு சீட்டர்:

மூணு வாரம் கழிச்சு வரேன். அப்பாவ கூட கூட்டிட்டு போனேன், அது தப்பா சரியான்னு இப்பவும் தெரியல. ஏசி ரூம்ல காபி குடுத்து உக்கார வெச்சாங்க, அப்பா கைலிய மாத்திட்டு வேட்டில வந்தது ஒண்ணு தான் எனக்கு ஆறுதல். மேனேஜர் ரீமேன் ப்ராசஸ் அது இதுன்னு டேப்லெட்ல படம் காட்டினாரு. அப்பா பூரா கேட்டுட்டு, "தம்பி, ஆயில் கூலர் புதுசா, பழசா?"ன்னு ஒரே கேள்வி. நான் தாத்தா எழுதினத வீட்ல படிச்சு காட்டிருந்தேன். மேனேஜர் சர்வீஸ் அட்வைசர பாக்கறாரு, அவர் ஃபோர்மேன பாக்கறாரு, ஃபோர்மேன் மெதுவா "சார் கூலர் ஆர்டர் போடல"ன்றாரு. அதுக்கப்புறம் ரூம்ல பேச்சு வேற மாதிரி போச்சு.

வாரன்டி புத்தகத்துல வக்கீல் சார் சொன்ன வரி அச்சா இருக்கு, புதிய அல்லது மறுசீரமைத்தன்னு, அதனால புது இன்ஜின் ஆசைய விட்டுட்டேன். மெயில்ல எழுத்துல வாங்கினது: ஃபேக்டரி லாங் பிளாக், கூலர், லைன், சோலனாய்டு எல்லாம் புதுசு அவங்க கணக்கு, கன்வர்ட்டர் செக் பண்ணி தருவாங்க, பொருத்தின நாள்ல இருந்து இன்ஜினுக்கு மட்டும் 12 மாசம் தனி வாரன்டி. 24 கேட்டேன், நடக்கல. 1,80,000 கடைசில 62 ஆயிரத்துல நின்னுச்சு, அதுல பாதி இன்ஜின் மவுண்ட், தேஞ்சு தான் இருந்துச்சு நானே பாத்தேன், அதனால விட்டுட்டேன். அந்த பேப்பர்ல "பாதகமின்றி" எழுதி தான் போடுவேன்னு சொன்னேன், ஹெட் ஆபீஸ கேக்கணும்னாங்க, ரெண்டு நாள் கழிச்சு பேப்பரே வேணாம்னு சொல்லிட்டாங்க.

ஷார்ஜா அண்ணே, ஓவர் ரெவ் பத்தி மெயில்ல எதுவும் இல்ல. நான் வாயே தொறக்கல.


லேத்து தாத்தா:

உங்கப்பாவுக்கு என் வணக்கம். மாட்டினதும் மொத ஸ்டார்ட்டுக்கு முன்னாடி ஆயில் பிரஷர் ஏறுதான்னு பிளக்க கழட்டிட்டு கிராங்க் பண்ணி பாக்க சொல்லு. மொத ஆயில அவன் புக்கு சொல்ற வரைக்கும் விடாத, 1500 கிலோமீட்டர்லயே எறக்கிடு, ஃபில்டர வெட்டி மடிப்ப விரிச்சு பாரு. கொஞ்சம் பொடி இருக்கும், பயப்படாத, செதிலா இருந்தா தான் பயப்படணும்.


காசிமேடு ரெண்டு சீட்டர்:

கடைசி அப்டேட். இன்ஜின் 13 வாரத்துல வந்துச்சு. பெட்டி தொறக்கும்போது நாங்க ரெண்டு பேரும் இருந்தோம், நம்பர போட்டோ, பென்சில் பிரிண்ட் எல்லாம் எடுத்தாச்சு. பழச எறக்கினத முழுசா வீடியோ எடுத்திருக்கேன், ஆறாவது சிலிண்டர் பாத்தா பூனை பிறாண்டின மாதிரி இருக்கு. பில்லுல மூணு நம்பரும் இருக்கு, ஆனா மொத பிரிண்ட்ல புது நம்பர்ல ஒரு எழுத்து தப்பு, அங்கயே நின்னு மாத்தி வாங்கினேன், பேப்பர் வேலை அண்ணே இல்லன்னா கவனிச்சிருக்கவே மாட்டேன். ஒம்பதாம் நாள் தண்டையார்பேட்டைல குடுத்தாச்சு, பேங்க் என்ஓசி தான் நாக்கு தள்ளிடுச்சு. இன்ஷூரன்ஸ் என்டார்ஸ்மென்ட் மெயில் நேத்து வந்துச்சு.

இப்ப 4000 ஆர்பிஎம் தாண்டாம ஓட்டிட்டு இருக்கேன், என் மேனுவல்ல 3000 கிலோமீட்டர் வரைக்கும் அப்படி தான் போட்டிருக்கு, மீஞ்சூர் ரோட்ல ஆக்டிவாக்காரன்லாம் திரும்பி பாத்துட்டு போறான். டிக் டிக் இல்ல.

அப்பாவுக்கு மட்டும் ஒரு வருத்தம். இன்ஜின் வந்த மரப்பெட்டி நல்ல கனமான பலகை, போட்ல ஐஸ் பெட்டிக்கு ஆகும்னு ஃபோர்மேன்ட்ட கேட்டு ஆட்டோ வரைக்கும் பேசிட்டாரு. பழைய இன்ஜின அதே பெட்டில போட்டு தான் ஜெர்மனிக்கு திருப்பி அனுப்பணுமாம், இல்லன்னா டெபாசிட் போயிடுமாம்.